மாணவர்களுக்கு லட்சியம் இல்லையா?

"இந்தக் காலத்து மாணவர்களுக்கு லட்சியம் கிடையாது. ஒழுக்கம் கிடையாது. பெரியவர்களிடம் மரியாதை கிடையாது. கையில் செல்போன், காலுக்கடியில் மோட்டார் சைக்கிள், தலையில் கோழிக்கொண்டை. இதுதான் அவர்கள் கற்ற கல்வி!"

இப்படிப் பேசாத பிரமுகர் உண்டா? பட்டமளிப்பு விழா மேடைகளில் இதைக் கேட்கிறோம். டெலிவிஷன் விவாதங்களில் கேட்கிறோம். டீக்கடை பெஞ்சிலும் கேட்கிறோம். கனவான்கள் பேசுவதில் வியப்பில்லை. உபதேசம் செய்வது அவர்களுக்குச் செலவில்லாத காரியம். ஆனால் நமது தோழர்களும் இதே பல்லவியைப் பாடுகிறார்களே, அதுதான் வேதனை. சில மாதங்களுக்கு முன்பு எங்கள் வட்டாரத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் மூத்த தோழர் ஒருவர், "நாங்கள் மாணவர்களாக இருந்தபோது சிறைக்குப் போனோம், இவர்கள் சினிமாவுக்குப் போகிறார்கள்" என்றார். பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு இதை எழுதுகிறேன்.

அடுத்த வாரமே எனக்குப் பாடம் கிடைத்தது.

விழுப்புரம் பக்கத்தில் ஒரு கல்யாணம். தெரிந்தவர் வீட்டு விசேஷம், போகாமல் இருக்க முடியாது. மண்டபத்தில் காலைப் பந்தி நடக்கிறது. ஒரே நிறச் சட்டை போட்ட இருபது வாலிபர்கள் இலைக்கு இலை ஓடுகிறார்கள். ஒருவன் சாம்பார் வாளியுடன் என் வரிசைக்கு வந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குத் தாவிவிட்டான். எனக்குச் சாம்பார் வரவில்லை!

யாரென்று அடையாளம் தெரிந்தது. எங்கள் பக்கத்து ஊர் விவசாயத் தொழிலாளி ஒருவருடைய மகன். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், இரண்டாவது வருஷம். அவர்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை. பெயர் வேண்டாம், அவன் என்னிடம் கேட்டுக்கொண்டதே அதுதான். சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் அவனைப் பிடித்தேன்.

"அண்ணே, ஊர்ல சொல்லிடாதீங்க" என்றான்.

"எதைத் தம்பி?"

"இதைத்தான். பந்தி பரிமாறினதை. அப்பாகிட்ட கல்லூரியில ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லியிருக்கேன்."

குடித்துவிட்டு விழுந்து கிடந்தானா? திருடினானா? உழைத்தான். நேற்று இரவு ஒன்பது மணிக்கு வந்து, ரிசப்ஷன் பந்தி பரிமாறி, பன்னிரண்டு மணிக்கு மேல் மண்டபத்து மாடியில் தரையில் படுத்து, மூன்று மணிக்கு எழுந்து மறுபடி நின்றவன். ஒரு விசேஷத்துக்கு ஐந்நூறு ரூபாய். தகப்பனார் அறுப்புக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்தான். அவர் செய்கிற உழைப்புக்கு இது எந்த விதத்திலும் தாழ்ந்ததல்ல. அப்படியிருந்தும் தகப்பனிடம் மறைக்கிறான். கல்லூரித் தோழனிடம் மறைக்கிறான். தன் வகுப்புப் பெண் யாராவது அந்தக் கல்யாணத்துக்கு வந்துவிடுவாளோ என்று பயந்துகொண்டே பரிமாறுகிறான்.

இந்த வெட்கத்தை அவனுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? பிறக்கும்போது கொண்டு வரவில்லை. அவனுடைய தாய்க்கு இல்லை, பாட்டிக்கு இல்லை. படித்துதான் இதைக் கற்றிருக்கிறான். "நான் பட்ட கஷ்டம் நீ படக்கூடாது" என்று தகப்பன் சொன்னார். "நன்றாகப் படி, இல்லாவிட்டால் மாடு மேய்ப்பாய்" என்று ஆசிரியர் சொன்னார். இரண்டும் அன்பினால் சொன்னவைதான். ஆனால் இரண்டையும் சேர்த்துக் கேட்ட பையன் என்ன புரிந்துகொள்வான்? கையால் உழைப்பது தோற்றவனின் அடையாளம் என்று புரிந்துகொள்வான். கோழிக்கொண்டைத் தலையைக் கண்டு நமக்குக் கோபம் வருகிறது. உள்ளே ஏறியிருக்கிற இந்த நஞ்சு நம் கண்ணுக்குப் படவில்லை.

சிறைக்குப் போன அந்தக் காலத்து மாணவர்களின் கதைக்கு வருகிறேன். அது பொய்யல்ல. தோழர் என்.சங்கரய்யாவை எடுத்துக்கொள்வோம். மதுரை அமெரிக்கன் கல்லூரி மாணவர். 1941இல், பி.ஏ. இறுதித் தேர்வுக்குச் சில நாட்களே இருந்தபோது வெள்ளைக்கார சர்க்கார் அவரைக் கைது செய்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் மீதான அடக்குமுறையைக் கண்டித்ததும் அவர் செய்த 'குற்றங்களில்' ஒன்று. பட்டம் போயிற்று. அதன்பின் 2023 நவம்பரில் 102 வயதில் மறையும் வரை அவர் பட்டதாரியாகவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்க முன்வந்தபோதும் கவர்னர் கையெழுத்துப் போட மறுத்தார். எண்பத்திரண்டு வருஷம் கழித்தும் ஒரு மாணவனைக் கண்டு அஞ்சினார்கள் என்றுதான் இதற்குப் பொருள் கொள்ள வேண்டும். 1965 ஜனவரி 27இல் இந்தித் திணிப்பை எதிர்த்த ஊர்வலத்தில் போலீஸ் குண்டுக்குப் பலியான ராஜேந்திரன் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர். இந்த வரலாற்றை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க மறந்துவிடுகிறோம். அன்று சர்வகலாசாலைக்குள் நுழைந்தவர்கள் எத்தனை பேர்? ஊருக்கு ஒருவர் போனால் அதிசயம். நிலம் வைத்திருந்தவர், உத்தியோகம் பார்த்தவர், வியாபாரம் செய்தவர் ஆகியோரின் வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும் போனார்கள். அந்தப் பிள்ளைகளில் நெஞ்சுள்ள சிலர் தங்கள் வர்க்கத்தை உதறிவிட்டு மில் வாசலுக்கும் சேரிக்கும் வந்தார்கள். அது மகத்தான தியாகம். இன்று நிலைமை என்ன? மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பு 2021-22ஆம் ஆண்டுக்குச் சொல்வது இது: 18 முதல் 23 வயது வரை உள்ள மக்கள்தொகையில் நூற்றுக்கு எத்தனை பேர் உயர்கல்வியில் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் தமிழ்நாட்டில் 47, இந்தியா முழுவதற்கும் 28.4. இந்த 47இல் மிராசுதார் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்க முடியும்? கொத்தனார் மகன், பீடி சுற்றுகிறவர் மகள், ஆட்டோ ஓட்டுகிறவர் மகன், நூறு நாள் வேலைக்குப் போகிற தாயின் மகள், இவர்கள்தான் இன்றைய மாணவர் கூட்டம்.

அன்று மாணவன் தொழிலாளியைத் தேடிப் போனான். இன்று தொழிலாளியின் பிள்ளையே மாணவனாக உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் போய் "நீ ஏன் அவர்களைப் போல உன் வர்க்கத்தைத் துறக்கவில்லை" என்று கேட்டால் அதைவிட அசட்டுத்தனம் உண்டா? அவன் ஏற்கெனவே உழைக்கிறவன். பந்தியில் பரிமாறுகிறான். இரவில் உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். ஜவுளிக்கடையில் தீபாவளி சீசனுக்கு நிற்கிறான். பெட்ரோல் பங்கில் நிற்கிறான். ஆனால் தன்னைத் தொழிலாளி என்று அவன் நினைப்பதில்லை. நாமும் அவனை அப்படி நினைக்கவில்லை. அவனைக் கூலிக்கு அழைத்துப் போகிற ஏஜெண்டு ஒருவனுக்குத்தான் அந்த உண்மை தெரிந்திருக்கிறது!

அந்த ஏஜெண்டு விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேட்டரிங் எடுக்கிறவருக்கு ஆள் பிடித்துக் கொடுக்க ஓர் ஆள். அவரும் போன வருஷம் வரை மாணவர்தான். வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார். 'நாளை இருபது பேர், கறுப்பு பேண்ட், ஷூ கட்டாயம்' என்று செய்தி போடுவார். முதலில் கை தூக்கியவனுக்கு வேலை. ஆளுக்கு எழுநூறு வாங்கி ஐந்நூறு கொடுக்கிறார் என்று பையன்கள் பேசிக்கொள்கிறார்கள். கணக்கு யார் பார்த்தது? சீட்டு இல்லை, கையெழுத்து இல்லை. வாளி சாய்ந்து விருந்தாளியின் பட்டுப் புடவையில் கொட்டிவிட்டால் அன்றைய கூலி அம்போ. முறைத்துப் பேசினால் குழுவிலிருந்து நீக்கிவிடுவார். நம் தாத்தா காலத்துக் கங்காணியை நான் பார்த்ததில்லை. இப்போது பார்த்துவிட்டேன், இவர் செல்போன் வைத்திருக்கிறார்.

அந்த ஐந்நூறு ரூபாய் எங்கே போகிறது? சினிமாவுக்கும் போகிறது, மறுக்கவில்லை. பத்தொன்பது வயதுப் பையன் சினிமா பார்க்கக்கூடாது என்று எந்தச் சித்தாந்தமும் சொல்லவில்லை. ஆனால் என்னிடம் அவன் விரல்விட்டு எண்ணிய கணக்கில் பரீட்சைக் கட்டணம் இருந்தது. செல்போன் தவணை இருந்தது. ரீசார்ஜ் இருந்தது. தங்கையின் சீருடைத் துணி இருந்தது. செல்போனைச் சொன்னவுடன் எனக்குப் பழைய நினைப்பு வந்தது. "அது இல்லாமல் படிக்க முடியாதா?" என்று கேட்டுவைத்தேன். பையன் சிரித்தான். வகுப்பு நடக்குமா நடக்காதா என்ற செய்தி அதில்தான் வருகிறது. பாடக் குறிப்பு அதில்தான் வருகிறது. உதவித்தொகைக்கு விண்ணப்பம், பரீட்சைக்குப் பணம் கட்டுவது, ஹால் டிக்கெட், மார்க்கு, எல்லாம் அதற்குள். கல்லூரியே அதற்குள் போய்விட்டது. நாம் இன்னும் அதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்துக்கொண்டு திட்டுகிறோம்.

விடுதியில் சேரலாமே என்பார்கள். அரசு நலத்துறை விடுதிகளில் கல்லூரி மாணவருக்கு மாத உணவுப்படி 1,100 ரூபாயாக இருந்தது. 2023இல் அதை 1,500 ஆக்கினார்கள். உயர்த்தியது நல்லது. ஆனால் முப்பதால் வகுத்துப் பாருங்கள். நாளைக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கு. இந்த வாலிபன் கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுவதற்காகவும் போகிறான் என்பதை அவன் வாயால் சொல்லவில்லை. நான் கண்ணால் பார்த்தேன்.

இன்னொரு கொடுமை கேளுங்கள். 75 சதவீதம் வருகை இல்லாவிட்டால் அபராதக் கட்டணம் கட்ட வேண்டும். அதற்கும் கீழே போனால் பரீட்சையே எழுத முடியாது. பணமில்லாததால் வேலைக்குப் போகிறான். வேலைக்குப் போனதால் வருகை குறைகிறது. வருகை குறைந்ததால் பணம் கட்டு என்கிறார்கள். அந்தப் பணத்துக்கு இன்னும் இரண்டு கல்யாணம் போக வேண்டும்! வகுப்பு நடத்துகிறவர் நிலை மட்டும் என்ன வாழ்கிறது? கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். கௌரவம் பெயரில்தான். பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று சொன்னது. அதை எட்டிப்பிடிக்க அவர்கள் கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருந்தது. பாடம் சொல்கிறவரும் தினக்கூலி மனநிலையில், பாடம் கேட்கிறவனும் தினக்கூலியில். இந்த இருவரும் கூடி லட்சியம் வளர்க்க வேண்டுமாம்.

தனியார் பொறியியல் கல்லூரிகளின் கதை வேறு. அங்கே வாலிபனுக்கு லட்சியம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே ஒரு லட்சியத்தை முதல் நாளே கையில் கொடுத்துவிடுகிறார்கள். நெடுஞ்சாலையில் போனால் பெரிய பெரிய விளம்பரப் பலகைகள். வேலை கிடைத்த பிள்ளைகளின் படங்கள், ஒவ்வொரு படத்துக்கும் கீழே வருஷத்துக்கு இத்தனை லட்சம். மாட்டுச் சந்தையில்கூட மாட்டின் விலையை அதன் முகத்துக்குக் கீழே எழுதி ஒட்டுவதில்லை. படம் இல்லாத பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று அந்தப் பலகை சொல்லாது. அவர்களில் பலர் பாங்கில் கல்விக்கடன் வாங்கியவர்கள். படிப்பு முடிந்த ஒரு வருஷத்தில் தவணை ஆரம்பித்துவிடும், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். தலைக்கு மேல் கடன் உள்ளவன் எப்படி நிமிர்ந்து பேசுவான்? அந்தக் காலத்தில் பண்ணையாளை நிலத்தோடு கட்டிப்போட்டதும் கடன்தான்.

அப்படிப்பட்ட சில கல்லூரிகளில் ஆணும் பெண்ணும் பேசினால் அபராதம். மாடிப்படிகூடத் தனித்தனி. இதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெற்றோர்களில் பலருக்கு இது பிடித்தும் இருக்கிறது. பேசினால் காதல் வரும், காதல் வந்தால் ஜாதி போய்விடும் என்ற பயம். 2016 மார்ச் 13இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்ட சங்கர் ஒரு பொறியியல் மாணவர். உயிர் தப்பிய கௌசல்யாவும் கல்லூரியில்தான் அவரைச் சந்தித்தார். ஜாதியை மீறி ஒருவரை ஒருவர் மனிதராகப் பார்த்த அந்த இரண்டு மாணவர்களிடம் இருந்த பண்பு, அரிவாளுடன் வந்தவர்களைப் பெற்ற சமூகத்தில் இருந்ததா? மாணவர்களுக்குப் பண்பு போதிக்க வருகிறவர்கள் இதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.

மாணவர்களைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறேன் என்று எண்ண வேண்டாம். அவர்களிடம் கேட்க வேண்டியதையும் கேட்டாக வேண்டும்.

ஜாதி விஷயத்தில் அந்த இருவரைப் போன்றவர்கள் சிலர். கையில் நிறக் கயிறு கட்டிக்கொள்கிறவர்கள் பலர். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய பிறகு, அரசு நீதிபதி கே.சந்துரு தலைமையில் குழு அமைத்தது. 2024 ஜூனில் தந்த அறிக்கையில் அவர் இந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் கட்டிய கயிறு கல்லூரியில் தானாக அவிழ்ந்துவிடுமா? அவிழ்வதில்லை. அங்கே அது செல்போனுக்குள் ஏறுகிறது. ஜாதித் தலைவர் படம், ஜாதிப் பாட்டு, 'ஆண்ட பரம்பரை' வசனம். கல்யாண மண்டபத்தில் ஒரே சாம்பார் அண்டாவை ஆளுக்கு ஒரு காது பிடித்துத் தூக்கிய இரண்டு பையன்கள், அன்று மாலையே வெவ்வேறு ஜாதி வாட்ஸ்அப் குழுவில் வீரவசனம் எழுதுகிறார்கள். அண்டாவின் சூடு இரண்டு கையிலும் ஒரே மாதிரிதானே பட்டது? மாணவத் தம்பிகளே, இந்தக் கேள்வியை உங்களிடம்தான் கேட்கிறேன்.

சென்னைப் பக்கத்து 'ரூட்டு' சண்டையும் அப்படித்தான். திருத்தணி, அரக்கோணம், கும்மிடிப்பூண்டி என்று மின்சார ரயிலிலும் பஸ்ஸிலும் வருகிற பிள்ளைகள். வருகிற தடத்துக்கு ஒரு 'தல'. 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் தாக்கப்பட்டுச் சில நாட்களில் ஆஸ்பத்திரியில் இறந்தார். தாக்கியதாகக் கைதானவர்கள் இன்னொரு கல்லூரி மாணவர்கள். செத்தவனும் ஏழை, ஜெயிலுக்குப் போனவனும் ஏழை. இதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது, கொலை கொலைதான். ஆனால் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். மாணவர் சங்கத் தேர்தல் எப்படி நடக்க வேண்டும் என்று லிங்டோ குழு வகுத்த விதிகளை 2006இல் சுப்ரீம் கோர்ட்டே ஏற்று உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் எத்தனை கல்லூரிகளில் ஒழுங்காகத் தேர்தல் நடக்கிறது? தேர்தல் வைத்தால் கலாட்டா வரும் என்கிறார்கள். வைக்காததால் கலாட்டா வராமல் இருக்கிறதா? ஓட்டு வாங்கித் தலைவனாகும் வழி அடைபட்டால், பஸ் படிக்கட்டில் தொங்கித் தலைவனாகிற வழிதான் திறந்திருக்கும். 2017 ஜனவரியில் மெரினாக் கடற்கரையில் ஆயிரமாயிரம் மாணவர்கள் நாட்கணக்கில் உட்கார்ந்தார்களே, குப்பையைக்கூடத் தாங்களே பொறுக்கினார்களே, அவர்களுக்குக் கட்டுப்பாடு யார் கற்றுக் கொடுத்தது? ஜல்லிக்கட்டு குறித்து நமக்கு ஆயிரம் அபிப்பிராயம் இருக்கலாம். கூடி நின்று ஒரு காரியத்தைச் செய்யும் திறன் இந்தத் தலைமுறைக்கு இல்லை என்று மட்டும் யாரும் இனிச் சொல்ல முடியாது.

என் வீட்டுக் கதையையும் சொல்லாவிட்டால் இது நேர்மையான கட்டுரையாகாது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். என் மகள் பி.காம். இரண்டாம் வருஷம். காலை ஐந்தரைக்குப் பஸ் பிடித்தால்தான் இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்கு நேரத்தோடு போக முடியும். ஒரு நாள் நான் எழுதி வைத்திருந்த மாணவர் நோட்டீஸை எடுத்துப் படித்தாள். 'இளைய சமுதாயமே, விழித்தெழு!' என்று தலைப்புப் போட்டிருந்தேன்.

"அப்பா, நாங்க நாலரைக்கே முழிச்சுடறோம். உங்க நோட்டீஸ்ல நாங்க எங்கே இருக்கோம்?" என்றாள்.

கோபம்தான் வந்தது. மறுபடி படித்துப் பார்த்தேன். ஏகாதிபத்தியம் இருந்தது, வகுப்புவாதம் இருந்தது, புதிய கல்விக் கொள்கை இருந்தது. எல்லாம் இருக்க வேண்டியவைதான். ஐந்தரை மணி பஸ் இல்லை. மாணவிகளுக்குக் கழிப்பறைக் கதவு இல்லாதது இல்லை. பரீட்சைக் கட்டணம் இல்லை.

அவளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். இரண்டு வருஷம் கழித்துப் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் வந்தது. அந்த ஆயிரத்தில் அவள் புத்தகம் வாங்குகிறாள் என்று நினைத்திருந்தேன். வாங்கவில்லை. என் மனைவி குழுவில் எடுத்த கடனுக்கு வாரத் தவணை கட்ட வேண்டும். முழுநேர ஊழியனுடைய அலவன்ஸில் அது அடங்காது. எட்டு மாதமாக அந்தப் பணம் தவணைக்குப் போகிறது. எனக்குத் தெரிந்தால் மனம் நோவேன் என்று இருவரும் சொல்லவில்லை. நான் மேடையில் மாணவர்களின் பொறுப்பின்மையைக் கண்டித்துப் பேசிக்கொண்டிருந்த அதே எட்டு மாதம்!

இதைப் படிக்கும் தோழர்கள் தங்கள் வீட்டில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

அந்தக் கல்யாண வீட்டுப் பையனிடம் திரும்ப வருகிறேன். இரண்டு வாரம் கழித்து அவனே என்னைத் தேடி வந்தான். மூன்று விசேஷத்துக்கான கூலியை ஏஜெண்டு இழுத்தடிக்கிறார், ஆறு பேருக்கு ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு பாக்கி, வெள்ளிக்கிழமை பரீட்சைக் கட்டணத்துக்குக் கடைசி நாள் என்றான். "நான் வந்து பேசட்டுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்றான். நான் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் பாதி. மீதி என்னவென்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஆறு பேரும் சேர்ந்தே போயிருக்கிறார்கள். இரண்டு பேர் கையில் இரண்டு நிறக் கயிறு. தனித்தனியாகக் கேட்டபோது "அடுத்த வாரம்" என்றவர், ஆறு பேரும் வாசலில் நின்று, "பாக்கி வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு எங்கள் கல்லூரியிலிருந்து ஒருத்தனும் வர மாட்டான்" என்றதும் யோசித்தாராம். முகூர்த்த நாள், ஆள் கிடைக்காது. வியாழக்கிழமை இரவு ஐந்து பேருக்குப் பணம் வந்துவிட்டது. பேச்சைத் தொடங்கிவைத்த ஆறாவது ஆளுக்கு மட்டும் வரவில்லை, குழுவிலிருந்தும் நீக்கிவிட்டார். அந்த ஆறாவது ஆள்தான் எனக்குச் சாம்பார் ஊற்றாமல் ஓடியவன்.

அவனுடைய பரீட்சைக் கட்டணத்தை மற்ற ஐந்து பேரும் பங்கு போட்டுக் கட்டிவிட்டார்கள். அந்தப் பாக்கி இன்னும் வரவில்லை. தகப்பனாரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். "பரீட்சை முடியட்டும் அண்ணே" என்றான்.